வெயில் மிகுந்த இடத்தில் ஒரு கண்ணாடி அறை: இரண்டு கோடைகளுக்குப் பிறகு எழுதும் மதிப்புரை

எங்கள் வீட்டின் பின்புறத்தில் 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட டெக் ஒன்று, அதாவது தரைக்கு முக்கால் மீட்டர் உயரத்தில் தூண்களின் மேல் நிற்கும் திறந்த மரத்தளம், பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவந்தது. மேற்கு பார்த்த தளம் என்பதால் நண்பகலுக்குப் பிறகு அதில் வெறுங்காலை வைக்க முடியாது; மழைக்காலத்தில் சாரலும் கொசுவும் அங்கே உட்கார விடாது. ஆண்டில் பாதி நாட்கள் பூட்டிய கதவுக்குப் பின்னால் சும்மா கிடந்த அந்த இடத்தை, சுற்றிலும் கண்ணாடியும் மேலே கூரையும் போட்டு சன்ரூம் எனப்படும் கண்ணாடி அறையாக மாற்றித் தரும் பணியை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். வேலை முடிந்து இப்போது இரண்டு கோடைகளும் இரண்டு மழைக்காலங்களும் கடந்துவிட்டன. முடிந்த வாரத்திலேயே எழுதியிருந்தால் இது முழுப் பாராட்டாக இருந்திருக்கும். முதல் மழையன்று எழுதியிருந்தால் முழுப் புகாராக இருந்திருக்கும். காத்திருந்து எழுதுவதால் இரண்டையும் அதனதன் அளவில் சொல்ல முடிகிறது. கட்டுமான வேலைக்கு அவர்களை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். வெப்பத்தைத் தடுப்பது பற்றிய யோசனையை மட்டும் அவர்கள் பொறுப்பில் விட்டுவிட வேண்டாம் என்பேன்.

முதலில் பாராட்டு. மதிப்பீட்டுத் தொகையைச் சொல்வதற்கு முன்பே ஒரு பொறியாளரும் மூத்த தச்சர் ஒருவரும் வந்து, தளத்தின் பலகைகளில் நான்கைக் கழற்றி, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். நான் விசாரித்த வேறு இரண்டு நிறுவனங்கள் நீள அகலத்தை மட்டும் அளந்துகொண்டு போயிருந்தன. இருக்கிற தளத்தின் மேல்தானே கட்டப்போகிறோம், அடித்தளச் செலவு மிச்சம் என்று எண்ணித்தான் பலரும் இந்த வேலையில் இறங்குகிறார்கள். ஆனால் திறந்த தளம் மனிதர்களையும் நாற்காலிகளையும் தாங்குவதற்காகக் கட்டப்பட்டது. பல நாடுகளின் கட்டட விதிகள் வீட்டுத் தளங்களுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ சுமையைக் கணக்கில் கொள்கின்றன. அந்தச் சுமை தளம் முழுவதும் பரவி விழுவதாகக் கொள்ளப்படுகிறது. சுவராலும் கூரையாலும் சேரும் எடையோ அப்படிப் பரவாமல், வெளி ஓரத்து உத்திரத்தின் மேலும் மூலைத் தூண்களின் மேலும் குவிகிறது. கண்ணாடி பார்வைக்கு இலேசாகத் தெரிந்தாலும், ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ எடை உண்டு. 6 மில்லிமீட்டர் கண்ணாடிகள் இரண்டைச் சேர்த்துச் செய்த ஜன்னலானால் சதுர மீட்டருக்கு 30 கிலோ வந்துவிடும். சட்டத்தின் எடை தனி.

எடையைவிட அந்தப் பொறியாளர் அதிகம் கவலைப்பட்டது காற்றைப் பற்றித்தான். திறந்த தளத்தின் ஊடாகக் காற்று தன் வழியில் போய்விடும். அதையே அடைத்துக் கூரை போட்டுவிட்டால், விரித்த கப்பல் பாயைப் போல அந்த அறை முழுக் காற்றையும் எதிர்த்து நிற்க வேண்டியிருக்கும். பலத்த காற்று கூரையை மேல்நோக்கித் தூக்கவும் பார்க்கும். ஆகவே கூரையிலிருந்து தூணுக்கும் தூணிலிருந்து கான்கிரீட்டுக்கும் இடையே எங்கும் விட்டுப்போகாத இரும்புப் பிணைப்பு வேண்டும் என்று அவர் விளக்கினார். எங்கள் பழைய தூண்கள் கான்கிரீட் கட்டைகளின் மேல் பிணைப்பு ஏதுமின்றி நின்றுகொண்டிருந்தன. தளத்தை வீட்டுச் சுவரோடு சேர்க்கும் நீண்ட சட்டம் ஆணிகளால் மட்டுமே அறையப்பட்டிருந்தது; அவற்றில் இரண்டு, கைவிரலால் அசைத்தபோதே ஆடின. வெளி ஓரத்தில் மூன்று புதிய அடித்தளங்களைத் தோண்டி, புதிய தூண்களை நிறுத்தி, சுவர்ச் சட்டத்துக்குத் துருப்பிடிக்காத போல்ட்டுகளை முடுக்கினார்கள். மொத்தச் செலவில் ஆறில் ஒரு பங்கு இதற்கே போனது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போன அந்தத் தொகையைப் பற்றி எனக்கு இன்றளவும் வருத்தமில்லை.

தரையிலும் இதே கவனத்தைப் பார்த்தேன். மழைநீர் வழிந்தோட வேண்டும் என்பதற்காகத் திறந்த தளங்களை வீட்டிலிருந்து வெளிநோக்கிச் சற்றே சரிவாகக் கட்டுவதுண்டு. எங்களுடையது மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் வீதம், மொத்தம் 4 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. நடக்கும்போது அது தெரியாது. ஆனால் அதன் மேல் அப்படியே ஜன்னல் சட்டங்களை நிறுத்தினால், பக்கவாட்டுச் சுவர்களின் சறுக்கு ஜன்னல்கள் திறந்த இடத்தில் நிற்காமல் தாமாகவே நகரும். மூத்த தச்சர், ஒரு முனையில் மெலிந்தும் மறுமுனையில் 4 சென்டிமீட்டர் தடித்தும் இருக்கும் நீண்ட ஆப்புச் சட்டங்களை இழைத்து, ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தின் மேலும் பொருத்தினார். பொருத்திய ஒவ்வொன்றின் மேலும் ரசமட்டத்தை வைத்து, குமிழி இரண்டு கோடுகளுக்கு நடுவே அடங்கி நிற்கும்வரை அவர் அடுத்ததற்குப் போகவில்லை. அரை மில்லிமீட்டர் உயரமாக இருந்த ஒன்றை மறுபடி கழற்றி இழைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த வேலைக்கு மட்டும் ஒன்றரை நாள் பிடித்தது. இன்று அந்த அறையின் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கிறது.

பலகைகளுக்கு இடையே இருந்த 5 மில்லிமீட்டர் இடைவெளிகளை மூடிவிட்டு மேலே வினைல் என்ற பிளாஸ்டிக் தரைவிரிப்பை விரித்துவிடலாம் என்பது விற்பனைப் பிரிவினர் சொன்ன யோசனை. பொறியாளர் அதை ஏற்கவில்லை. பலகைகளை முழுவதும் எடுத்துவிட்டு, குறுக்குச் சட்டங்களுக்கு இடையே ஃபோம் பலகைகளை இறுக்கமாகச் செருகி, மேலே தடித்த பிளைவுட்டும் அதன் மேல் தரை ஓடும் போட்டார்கள். எலியும் பூச்சியும் ஏறாதபடி அடியில் நுண்கம்பி வலை அடித்தார்கள். தளத்தின் அடிப்பகுதியைச் சுற்றிலும் பலகையால் மூடிவிடலாமா என்று நான் கேட்டபோது, மண்ணிலிருந்து எழும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போனால் சட்டங்கள் உளுத்துவிடும் என்று தடுத்தவரும் அவர்தான்.

இதுவரை சொன்னது எந்தத் தட்பவெப்பத்துக்கும் பொருந்தும். வெயில் மிகுந்த இடத்துக்கே உரிய சிக்கல் இனிமேல்தான் தொடங்குகிறது. இந்த நிறுவனத்தின் மேல் எனக்குள்ள பெரிய குறையும் இங்கேதான். அவர்கள் முதலில் தந்த வரைபடத்தில் மூன்று பக்கமும் தரை முதல் உச்சிவரை கண்ணாடி, கூரையும் கண்ணாடி. படத்தில் பார்க்க மிக அழகாக இருந்தது. ஆனால் அது குளிர்ப் பிரதேசத்தின் யோசனை. குளிர்காலத்தில் கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் உள்ளே வாங்கி வைத்துக்கொள்வதற்காக வடிவமைக்கப்பட்ட அறையை, வெயிலை எப்படி வெளியே நிறுத்துவது என்று தவிக்கிற இடத்தில் கொண்டுவந்து வைப்பது எந்த வகையிலும் சரியாகாது. வெயில் கண்ணாடியைத் தாண்டித் தரையையும் இருக்கையையும் சுடவைக்கிறது. சூடேறிய பொருட்களிலிருந்து எழும் நீண்ட அலைக் கதிர்கள் அதே கண்ணாடியைத் தாண்டி வெளியே போக முடிவதில்லை. சூடான காற்றும் அடைபட்டுக் கிடக்கிறது. வெயிலில் நிறுத்திய காரின் கதவைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் அனல் இதே காரணத்தால் வருவதுதான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தெளிந்த வானத்தில் உச்சி வெயில், படுக்கையாக இருக்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. 900 என்றே வைத்துக்கொள்வோம். சாதாரணத் தெளிந்த கண்ணாடி அதில் 80 விழுக்காட்டை உள்ளே விடும். எங்கள் 20 சதுர மீட்டர் கூரை முழுவதும் அத்தகைய கண்ணாடி என்றால் உள்ளே இறங்குவது 14,400 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பம் 3,500 வாட் அளவே. கூரை வழியாக வருவதைச் சமாளிக்க மட்டுமே நான்கு டன்னுக்கு மேல் வேண்டும். அதுவும் ஒரு சிறிய அறைக்கு. மேற்குச் சுவரின் கதை வேறு. இறங்கு வெயில் தாழ்ந்து, ஏறக்குறையக் கண்மட்டத்தில் வருவதால், கூரையை எவ்வளவு நீட்டினாலும் அது மறைக்காது. 5 மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள 12 சதுர மீட்டர் கண்ணாடியில் சதுர மீட்டருக்கு 600 வாட் விழுகிறது என்று கொண்டால், உள்ளே வருவது 5,760 வாட். அதற்கே ஒன்றரை டன்னுக்கு மேல்.

இந்தக் கணக்கை நான் எழுதிக் காட்டியபோது விற்பனைப் பிரிவில் கிடைத்த பதில், நிறமூட்டிய கண்ணாடியும் பெரிய ஏசியும் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான். நிறமூட்டிய கண்ணாடி வெளிச்சத்தையும் வெப்பத்தையும் தானே உறிஞ்சிக்கொள்கிறது; உறிஞ்சியபின் சூடேறி அதில் ஒரு பகுதியை அறைக்குள்ளேயே வீசுகிறது. அறை இருட்டாகும், அந்த அளவுக்குக் குளிராது. இத்தனைக்கும் தங்கள் வேலையின் பெரும்பகுதி வெப்பப் பகுதிகளில்தான் என்று சொல்லிக்கொள்ளும் நிறுவனம் இது. அப்படிப்பட்டவர்கள் இந்தக் கணக்கை வாடிக்கையாளர் கையிலிருந்து பெற வேண்டியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. வரைபடத்தை மாற்றக் கேட்டபோது மறுப்பு சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் புதிய வரைபடம் கைக்கு வர மூன்று வாரம் ஆனது.

மாற்றியது இப்படி. கூரையில் கண்ணாடியே இல்லை. இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டர் ஃபோம் அடைத்த பேனல்களைப் போட்டு, வெயிலைத் திருப்பி அனுப்புவதற்காக மேற்பரப்பை வெள்ளையாக விட்டோம். உள்ளே கூரையின் அடியில் கையை வைத்துப் பார்த்தால், வெளியே தகடு கொதிக்கிற நேரத்திலும், கைக்குச் சூடு தெரிவதில்லை. மேற்குப் பக்கம் 75 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெப்பத் தடுப்புடன் கூடிய அடைப்புச் சுவரை எழுப்பி, அதன் மேல் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மட்டும் கண்ணாடி வைத்தோம். எஞ்சியது சட்டங்களுக்குப் போனது. உட்கார்ந்தால் தோட்டம் முழுவதும் தெரிகிறது. நாற்காலியின் கீழே தரையில் விழும் வெயில் மட்டும் இல்லாமல் போனது. அந்த உயரத்துக்குக் கீழே இருக்கும் கண்ணாடியால் பார்வைக்கு எந்த இலாபமும் இல்லை என்பது இரண்டு கோடைகளுக்குப் பிறகு எனக்கு உறுதியாகத் தெரிகிறது.

கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இரட்டைக் கண்ணாடி போட்டால் வெப்பம் வராது என்று விற்கிறார்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே அடைபட்ட காற்று, வெளிக்காற்றின் சூடு உள்ளே கடத்தப்படுவதைக் குறைக்கிறது என்பது உண்மை; நேராக விழும் வெயிலை அது பெரிதாகத் தடுப்பதில்லை. வெயில் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வரும் என்பதைக் காட்டும் எஸ்.ஹெச்.ஜி.சி. என்ற எண், தெளிந்த ஒற்றைக் கண்ணாடிக்கு 0.8க்கு மேல் இருக்கும். தெளிந்த இரட்டைக் கண்ணாடிக்கும் 0.7 அளவிலேயே நிற்கும். அந்த எண்ணை இறக்குவது லோ-இ எனப்படும் பூச்சுதான். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய வெள்ளிப் படலங்கள் கொண்ட இந்தப் பூச்சு, கண்ணுக்குப் புலப்படும் ஒளியைப் பெருமளவு விட்டுவிட்டு அகச்சிவப்புக் கதிர்களைத் திருப்பி அனுப்புகிறது. வெயிலின் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி இந்த அகச்சிவப்பில்தான் இருக்கிறது. ஆகவே வெளிச்சத்தைப் பெரிதாக இழக்காமலே வெப்பத்தைக் குறைக்க முடிகிறது. நாங்கள் போட்ட கண்ணாடிக்கு அந்த எண் 0.27. மேற்குப் பக்கத்தின் ஏழரை சதுர மீட்டருக்கு அதே கணக்கைப் போட்டால் 1,215 வாட் வருகிறது. 5,760 எங்கே, 1,215 எங்கே.

பூச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் முக்கியம். இரட்டைக் கண்ணாடிக்கு நான்கு முகங்கள். வெளியிலிருந்து எண்ணினால், வெப்பப் பகுதிக்குப் பூச்சு இரண்டாம் முகத்தில், அதாவது வெளிக் கண்ணாடியின் உட்புறத்தில் இருக்க வேண்டும். மூன்றாம் முகத்துக்குப் போய்விட்டால் அது பிடிக்கும் வெப்பம் உட்கண்ணாடியில் தங்கி அறைக்குள் வந்துவிடும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, அறைக்குள் நின்று ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி ஜன்னலருகே பிடித்தால், கண்ணாடியில் நான்கு சுடர்கள் வரிசையாகத் தெரியும். மூன்று ஒரே நிறத்திலும் ஒன்று மட்டும் நிறம் மாறியும் இருக்கும். அந்த ஒன்றுதான் பூச்சு இருக்கும் முகம். உள்ளிருந்து பார்க்கும்போது அது நமக்கு அருகிலிருந்து மூன்றாவதாக வர வேண்டும். மேற்குச் சுவரில் ஆறு கண்ணாடிகள். முதல் நான்கில் மூன்றாம் சுடர் நிறம் மாறி நின்றது. ஐந்தாவதில் இரண்டாம் சுடர் மாறியிருந்தது. இன்னொரு குச்சியைக் கொளுத்தி மறுபடி பார்த்தேன், அதே இரண்டாவதுதான். ஆறாவது சரியாக இருந்தது. மறுநாள் தொலைபேசியில் சொன்னபோது முதலில் நம்பவில்லை. ஒரு வாரம் கழித்து வந்த பணியாளர் தம் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டு, கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து நிறுத்தும் பீடிங் பட்டையை நீக்கிக் கண்ணாடியைத் திருப்பிப் போட்டார். அரை மணி நேர வேலைதான். ஆனால் நான் சோதித்திராவிட்டால் அது என்றைக்கும் தெரியவந்திருக்காது.

சட்டங்களுக்கு அலுமினியம் போட்டோம். அலுமினியம், ஜன்னல் சட்டங்களுக்குப் பயன்படும் யு.பி.வி.சி. என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகையால் உட்பாதிக்கும் வெளிப்பாதிக்கும் நடுவே நைலான் வகைப் பட்டை வைத்துப் பிரித்த சட்டங்களையே கேட்டு வாங்க வேண்டும். நிறம் வெள்ளை. கறுப்புச் சட்டம் அழகுதான்; மாலை நான்கு மணிக்கு அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் வாங்க மாட்டார்கள்.

முதல் கோடையின் முடிவில் மேற்கு மூலைகளில் சீலன்ட், அதாவது இடுக்குகளை அடைக்கும் பசை, கிழிந்தது. நகத்தை விட்டால் உள்ளே போகும் அளவுக்கு விரிசல். காரணம் எளிது: அதிகாலைக்கும் பிற்பகலுக்கும் இடையே சட்டத்தின் வெப்பநிலை 40 டிகிரி மாறினால் 5 மீட்டர் அலுமினியம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளும், அதே நீளக் கண்ணாடி 2 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நீளும். இந்த இழுபறியை நாள்தோறும் தாங்க, நன்றாக நீண்டு சுருங்கும் சிலிக்கோன் சீலன்ட் வேண்டும். மூலைகளில் மட்டும் வண்ணம் பூச வசதியான அக்ரிலிக் வகையைப் பூசியிருந்தார்கள். உத்தரவாதத்தின் கீழ் மாற்றித் தந்தார்கள். அதன் பின் விரிசல் இல்லை.

இனி முதல் மழை. கோடை முடிந்து பெய்த அந்த மழையின் அரை மணி நேரத்துக்குள் பக்கவாட்டுச் சறுக்கு ஜன்னல்களின் கீழ்த் தடத்தில் தண்ணீர் விளிம்புவரை நிரம்பி, புதுத் தரையின் மேல் வழியத் தொடங்கியது. கூரை சுவரோடு சேரும் இடத்தில் ஒரு சொட்டும் இல்லை. அங்கே தகட்டைச் சுவருக்குள் வெட்டிச் செருகி மூடியிருந்தார்கள், அது இன்றுவரை காக்கிறது. கசிவெல்லாம் ஜன்னல் தடத்தில் மட்டும். மறுநாள் வந்த இளம் பணியாளர் சிலிக்கோன் துப்பாக்கியோடு வந்து, உட்புற விளிம்பு முழுவதையும் அடைத்துவிடுகிறேன் என்றார். நான் மூத்த தச்சரை அனுப்புமாறு கேட்டுக்கொண்டேன். அவர் மாலையில் வந்து, தடத்தைப் பார்க்காமல் நேராக வெளியே போய், குந்தி உட்கார்ந்து, சட்டத்தின் அடிவிளிம்பை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. சட்டைப் பையிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை எடுத்துக் குத்தினார். வெண்மையான சிலிக்கோன் ஒரு சிறு உருண்டையாகப் பிதுங்கி வெளியே வந்தது. அதன் பின்னால் அடைபட்டிருந்த தண்ணீர் நூல் போலப் பீறிட்டு அவர் மணிக்கட்டை நனைத்தது. சறுக்கு ஜன்னலின் தடத்தில் மழைநீர் சேருவது இயல்பு. அது வெளியேறுவதற்காகவே சட்டத்தின் வெளிப்புறத்தில் சிறிய துளைகளை வைக்கிறார்கள். வேலை பார்வைக்குச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கடைசி நாளில் யாரோ அந்தத் துளைகளையெல்லாம் பூசி மூடியிருந்தார்கள். பதினான்கு துளைகள். ஒவ்வொன்றையும் அவர் குத்தித் திறக்க, நான் டார்ச் பிடித்தேன். அதன் பின் எத்தனையோ மழை பெய்துவிட்டது, தரை நனையவில்லை. ஆனால் நனைந்த பிளைவுட்டின் ஓரம் ஓரிடத்தில் உப்பி, மேலிருந்த இரண்டு தரை ஓடுகள் எழும்பிவிட்டன. அவற்றை மாற்ற நான்கு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது. வேலை நடக்கும்போது இருந்த சுறுசுறுப்பு, முழுத் தொகையும் கைக்கு வந்த பின் குறைந்துவிட்டது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். தொகையில் ஒரு பங்கை முதல் மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

குளிரூட்டலில் அவர்கள் சொன்னது சரியான யோசனை. வீட்டின் ஏசி அமைப்பை இந்த அறைக்கு நீட்டாமல், தனி இன்வெர்ட்டர் ஏசி வைத்து, பழைய வெளிக்கதவை வீட்டுக்கும் அறைக்கும் இடையே அப்படியே விட்டுவிடச் சொன்னார்கள். கண்ணாடி அறையின் தேவை மணிக்கு மணி மாறும். அதை வீட்டோடு சேர்த்தால் இரண்டில் ஒன்று எப்போதும் அதிகம் குளிரும் அல்லது புழுங்கும். கதவைச் சாத்திவிட்டால் பிற்பகலின் அனல் வீட்டுக்குள் வருவதில்லை. காற்றோட்டத்தில் மட்டும் ஒரு குறை. சறுக்கு ஜன்னல் எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் திறக்கும். சூடான காற்று மேலே ஏறித் தேங்குவதால், கூரையை ஒட்டி உயரத்தில் திறப்புகள் வேண்டும் என்று கேட்டு, இரண்டு சிறு ஜன்னல்களைப் பின்னர் சேர்த்தோம். மாலையில் அவற்றையும் கீழ் ஜன்னல்களையும் திறந்து மின்விசிறியைப் போட்டால், வெளிக்காற்றின் அளவுக்கு அறை இறங்கிவிடுகிறது.

இவ்வளவு செய்தும் கோடை உச்சத்தில் பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்தரை வரை மேற்கு வெயில் கடுமையாகத்தான் இருந்தது. முதலில் உள்ளே தடித்த திரை போட்டுப் பார்த்தோம். திரை சூடேறி, அதற்கும் கண்ணாடிக்கும் இடையே சிக்கிய காற்றும் சூடேறி, இரண்டும் சேர்ந்து அறையைச் சுட்டன. வெப்பம் கண்ணாடியைத் தாண்டிய பிறகு அதை மறைப்பதில் பெரிய பயனில்லை. பிறகு வெளிப்புறத்தில், கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி, சுருட்டி இறக்கும் வலைத்துணித் திரையை மாட்டினோம். முதல் நாள் மாலை நான்கு மணிக்கு, அம்மா கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்து, எடுக்காமல் அப்படியே சிறிது நேரம் வைத்திருந்தார். முந்தைய கோடையில் அதே மணிக்கு அந்தக் கண்ணாடியைத் தொட்டவுடன் கையை இழுத்துக்கொண்டவர் அவர். திரையின் ஊடாகத் தோட்டமும் மங்கலாகத் தெரிகிறது. இந்தத் திரை நிறுவனத்தின் பட்டியலிலேயே இருந்தது. ஆனால் ஒருவரும் எங்களிடம் அதைச் சொல்லவில்லை. வெப்பப் பகுதியில் மேற்கு பார்த்து அறை கேட்கும் எவருக்கும் அது முதல் வரைபடத்திலேயே இருந்திருக்க வேண்டும். திரைக்குப் பதிலாகக் கண்ணாடியின் உட்புறம் கறுப்பு ஃபிலிம் ஒட்ட நினைப்பவர்கள், முதலில் கண்ணாடி தயாரித்தவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இரட்டைக் கண்ணாடியில் பொருந்தாத ஃபிலிம் சூட்டைத் தேக்கி, கண்ணாடியே விரிசல் விடக் காரணமாகலாம்.

அனுமதி விண்ணப்பம், வரைபடங்கள், மின் இணைப்பு ஆகியவற்றை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்ன ஏழு வாரம் பத்து வாரமானது. வரைபட மாற்றத்தைக் கழித்தால் அது நியாயமான தாமதமே.

இப்போது அந்த அறையில் காலை ஆறு முதல் பதினொன்று வரை ஏசி இல்லாமல் இருக்கிறோம். பிற்பகலில் திரையை இறக்கி ஏசியைக் குறைவாக வைத்தால் போதுகிறது. மழை பெய்யும் நாட்களில் வீட்டில் எல்லாரும் அங்கேதான் இருக்கிறோம். மூன்று பக்கமும் மழை கொட்டுவதை நனையாமல் பார்த்துக்கொண்டிருப்பதற்காகவே அந்த அறையைக் கட்டியதாகச் சில நேரம் தோன்றும்.

பழைய தளத்தை நம்பிக் கட்டலாமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும் என்பவர்கள் இந்த நிறுவனத்தை அழைக்கலாம். தச்சு வேலையிலும் அடித்தளத்திலும் இவர்கள் காட்டிய கவனத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. கூரை எது, கண்ணாடியின் எண் என்ன, பூச்சு எந்த முகத்தில், மேற்குப் பக்கத்துக்கு வெளித்திரை உண்டா என்பதையெல்லாம் நாமே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பக்கவாட்டுச் சறுக்கு ஜன்னல்களில் இரண்டை முழுவதும் திறக்கும் கீல் ஜன்னல்களாக மாற்ற அவர்களிடமே மதிப்பீடு கேட்டிருக்கிறேன். அதே மூத்த தச்சர்தான் வர வேண்டும் என்றும், மீதிச் சறுக்கு ஜன்னல்களின் துளைகள் ஒவ்வொன்றும் திறந்திருப்பதை வேலை முடியும் நாளில் தண்ணீர் ஊற்றிக் காட்ட வேண்டும் என்றும் அதில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.